கடைக்குத் தெரியாத பதில்கள்: நுகர்வையும் தனிமையையும் கவிதை எப்படித் தொடுகிறது

நுகர்வுக் கலாச்சாரத்தைச் சாடும் கவிதை என்றதும் நம்மில் பலருக்கு ஒரே ஒரு மாதிரிதான் நினைவுக்கு வரும். மால் வந்தது, மரம் போனது. செல்போன் வந்தது, பேச்சு போனது. பிரிட்ஜ் நிறைந்தது, மனசு காலியானது. காலை வணக்கப் படங்களோடு இப்படிப்பட்ட வரிகள் தினமும் நம் போனுக்கு வருகின்றன. "உண்மைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். எழுதியவர்கள் மனப்பூர்வமாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஏற்கெனவே நாம் ஒப்புக்கொண்ட ஒன்றை நம்மிடமே திரும்பச் சொன்னால் நமக்குள் எதுவும் அசைவதில்லை.

இதனால் ஒரு தவறான எண்ணம் ஊன்றிவிட்டது. இந்த வகைக் கவிதை பொருள் வாங்குவதைப் பாவம் என்கிறது, பழைய காலத்தைத் திரும்பக் கேட்கிறது, மொத்தத்தில் அது ஓர் உபதேசம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் துறையின் நல்ல கவிதைகள் இந்த மூன்றையும் செய்வதில்லை. கடையின் மொழியையே எடுத்துக்கொண்டு, கடையால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை அவை கேட்கின்றன. அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு அமெரிக்கக் கவிதையை நடுவில் வைத்தும், இன்னும் சில கவிதைகளைத் துணைக்கு அழைத்தும் பார்க்கலாம். அமெரிக்கா ஏன் என்றால், சூப்பர் மார்க்கெட் பிறந்த ஊர் அது. அதற்குள் முதலில் நடந்து பார்த்த கவிஞர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

## முதலில் கடையைப் பார்ப்போம்

தெருமுனை மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். "அரைக் கிலோ துவரம்பருப்பு" என்கிறோம். அண்ணாச்சி நிறுத்துப் பொட்டலம் கட்டியபடியே "அப்பா ஊர்லேர்ந்து வந்துட்டாரா?" என்று கேட்கிறார். பருப்பும் பேச்சும் ஒரே கையிலிருந்து வருகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வரை அமெரிக்க மளிகைக் கடைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. வாடிக்கையாளர் மேசைக்கு இந்தப் பக்கம், சரக்கு அந்தப் பக்கம், நடுவில் எடுத்துத் தர ஓர் ஆள்.

1916ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். அங்கே எடுத்துத் தர ஆள் கிடையாது. வாடிக்கையாளரே உள்ளே நுழைந்து, வரிசை வரிசையாக நடந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வெளியேறும் இடத்தில் பணம் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டே இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1930இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் 'கிங் கல்லன்' என்ற பெயரில் பெரிய இடமும் குறைந்த விலையுமாக இதையே விரிவாக்கினார். கூடை கனத்தால் வாங்குவது நின்றுவிடுகிறது என்று பார்த்த ஓக்லஹோமா கடைக்காரர் சில்வன் கோல்ட்மன், 1937இல் சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்.

இதில் கிடைத்த லாபத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆட்கூலி குறைந்ததால் விலை குறைந்தது, சாதாரணக் குடும்பங்களின் தட்டு நிறைந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. முன்பு சரக்கைப் பற்றிப் பேச ஓர் ஆள் இருந்தார். அவர் போன பிறகு சரக்கே பேச வேண்டியதாயிற்று. பெயர், வண்ணம், அட்டையில் சிரிக்கும் குழந்தை, வானொலியிலும் டிவியிலும் விளம்பரம் எல்லாம் அதற்காக வந்தவை. மனிதர் பேசிய இடத்தில் டப்பா பேச ஆரம்பித்தது.

இந்த இடத்தில் இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். நுகர்வுக் கலாச்சாரம் என்றால், நாம் யார் என்பதை நாம் வாங்கும் பொருள்களைக் கொண்டு அறிந்துகொள்ளும், பிறருக்கும் காட்டும் பழக்கம். சோறு வாங்குவதும் சட்டை வாங்குவதும் அதில் சேராது. நவீனத் தனிமை என்றால், கூட்டத்தின் நடுவே இருந்தும் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் நிலை. மலையடிவாரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது வேறு விஷயம்.

பழைய கடையை சொர்க்கமாக்கிவிடவும் வேண்டாம். உங்கள் பெயர் தெரிந்த கடைக்காரருக்கு உங்கள் கடன் தெரியும், சாதி தெரியும், வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்பதும் தெரியும். யாருக்கும் தெரியாத ஆளாக இருப்பதற்காகவே பெருநகரத்துக்கு ஓடியவர்கள் உண்டு. அடுத்து நாம் சந்திக்கப் போகும் கவிஞரை இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கடையிலிருந்து மனிதப் பேச்சு விலகியது, அந்த இடத்தைப் பொருளின் பேச்சு பிடித்துக்கொண்டது. கவிஞர்கள் காது கொடுத்தது இந்தப் புதிய பேச்சுக்குத்தான்.

## பெர்க்லி, 1955

அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்குக்கு அப்போது 29 வயது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு சிறிய குடிலில் இருந்தார். அதற்குச் சற்று முன்பு வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் சந்தை ஆய்வு வேலை பார்த்தவர். எந்தப் பொருளை யார் ஏன் வாங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கும் தொழிலை உள்ளே இருந்து அறிந்தவர் என்பது முக்கியம். அந்த ஆண்டு அவர் எழுதிய கவிதையின் பெயர் 'கலிஃபோர்னியாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்'. அடுத்த ஆண்டு சிட்டி லைட்ஸ் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய முதல் தொகுப்பில் அது இடம்பெற்றது.

கவிதையில் நடப்பது எளிமையானது. இரவு. தலைவலி. நிலவைப் பார்த்தபடி தெருக்களில் நடந்து களைத்துப்போன ஒருவர் பசியோடு ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைகிறார். பளீரென்ற நியான் வெளிச்சத்தில் பழங்கள். குடும்பம் குடும்பமாக இரவில் வந்து வாங்குகிறார்கள். நடைபாதை முழுக்கக் கணவர்கள், வெண்ணெய்ப் பழக் குவியலுக்குள் மனைவிகள், தக்காளிக்குள் குழந்தைகள். தர்பூசணி பக்கம் ஸ்பானியக் கவிஞர் லோர்கா நிற்கிறார். அவர் 1936லேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். அப்புறம் வால்ட் விட்மன். இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட அந்த அமெரிக்கப் பெருங்கவிஞர், பிள்ளையில்லாத தனிக்கிழவராக, இறைச்சி வைத்திருக்கும் குளிர்பெட்டிக்குள் துழாவிக்கொண்டே கடைப் பையன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விட்மன் அங்கிருப்போரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார். இந்தப் பன்றி இறைச்சித் துண்டுகளைக் கொன்றது யார்? வாழைப்பழம் என்ன விலை? நீதான் என் தேவதையா?

மூன்றும் ஒரே மூச்சில், ஒரே குரலில் வருகின்றன. ஆனால் அந்தக் கடையால் பதில் சொல்ல முடிந்தது நடுவிலுள்ள கேள்விக்கு மட்டும்தான். அதற்கு விலைச்சீட்டு இருக்கிறது. முதல் கேள்வி பொருளை உண்டாக்கிய கையைப் பற்றியது. மூன்றாவது, எதிரே நிற்கும் மனிதரைப் பற்றியது. இரண்டுக்கும் அந்த அலமாரிகளில் இடமே இல்லை. கவிஞர் எங்கும் "இது கொடுமை" என்று சொல்லவில்லை. மூன்று கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

விட்மனும் கின்ஸ்பெர்க்கும் ஆண்களை நேசித்த ஆண்கள் என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. அன்றைய கலிஃபோர்னியாவில் அது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் மாறியது 1975இல்தான். கவிதையில் கடையின் துப்பறிவாளர் தன் பின்னாலேயே வருவதாகப் பேசுபவர் கற்பனை செய்கிறார். குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட அந்த வெளிச்சத்தில் குடும்பம் இல்லாதவர் திருடனைப்போல உணர்கிறார் என்று நான் அதைப் படிக்கிறேன்.

## கருவி ஒன்று: பட்டியல்

சூப்பர் மார்க்கெட் என்பதே ஒரு பெரிய பட்டியல்தான். அலமாரி ஒரு பட்டியல், பில் ஒரு பட்டியல், நாம் வீட்டில் எழுதிக்கொண்டு வரும் துண்டுச் சீட்டும் பட்டியல். கவிதையிலும் பட்டியலுக்கு நீண்ட மரபு உண்டு. அமெரிக்கக் கவிதையில் அதன் தலைமகன் விட்மன். 1855இல் வந்த அவருடைய 'புல்லின் இதழ்கள்' நூலும் அதன் பின்வந்த பதிப்புகளும் பட்டியல்களால் நிரம்பியவை. அமெரிக்கா பாடுவதைக் கேட்கிறேன் என்று தொடங்கும் கவிதையில் மெக்கானிக் பாடுகிறார், தச்சர் பலகையை அளந்துகொண்டே பாடுகிறார், கொத்தனார், படகோட்டி, செருப்புத் தைப்பவர், விறகு வெட்டுபவர், துணி தைக்கும் பெண் என்று வரிசை போகிறது. எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். விட்மனின் பட்டியல் வேலை செய்யும் மனிதர்களின் பட்டியல்.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து கின்ஸ்பெர்க் அதே வடிவத்தை எடுக்கிறார். இப்போது வரிசையில் நிற்பவை பீச், வெண்ணெய்ப் பழம், தக்காளி, உறைய வைத்த தின்பண்டங்கள். மனிதர்களும் வருகிறார்கள், ஆனால் காய்கறிக் குவியலுக்கு உள்ளே வருகிறார்கள். யாருக்கும் கையில் தொழில் இல்லை. கணவர், மனைவி, குழந்தை என்று உறவுப்பெயர் மட்டும் இருக்கிறது.

விமர்சனம் என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான் நடக்கிறது. விட்மனைப் படித்த காதுக்கு, அதே தாளத்தில் வேறு சரக்கு ஏறி வருவது உடனே கேட்கும். ஒரு நூற்றாண்டில் என்ன மாறியது என்பதை விளக்க ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தப் பட்டியலில் உண்மையான ஆசையும் இருக்கிறது. பீச் பழங்களைப் பார்த்து அவர் வியக்கிறார். அந்த வெளிச்சம் அவரையும் இழுக்கிறது. வெறுப்பவரால் அப்படி எழுதியிருக்க முடியாது.

## கருவி இரண்டு: விளி

விளி என்றால் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவது. கவிதையில் எதிரே இல்லாதவரையும், கேட்க முடியாததையும் அழைக்கலாம். தமிழருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை, நெஞ்சு என்று ஒரு வரிசையைச் சொல்லி, இவையெல்லாம் "சொல்லுந போலவும் கேட்குந போலவும்" பேசப்படலாம் என்று தொல்காப்பியச் செய்யுளியல் இலக்கணமே வகுத்திருக்கிறது. பேச ஆள் இல்லாதபோது அகப்பாடலின் தலைவி கடலோடும் நெஞ்சோடும் பேசுகிறாள். கேட்பவர் இல்லாத இடத்திலும் பேச்சு நடக்கிறது, அந்தப் பேச்சே அவள் நிலையைக் காட்டிவிடுகிறது.

விளம்பரமும் விளியால் ஆனதுதான். "உங்களுக்காகவே", "உங்கள் சருமத்துக்கு", "நீங்கள் தகுதியானவர்" என்கிறது. ஆனால் அந்த 'நீங்கள்' யார்? பணம் கட்டக்கூடிய எவரும். கோடிப் பேரை ஒரே சமயத்தில் 'நீங்கள்' என்று கூப்பிடும் குரலுக்கு ஒருவரையும் தெரியாது. நாள் முழுக்க அழைக்கப்பட்டும் யாராலும் அழைக்கப்படாத அந்த உணர்வு நமக்கெல்லாம் பழக்கமானதுதான்.

கின்ஸ்பெர்க்கின் கவிதை ஏறக்குறைய முழுவதும் ஒரே ஒரு ஆளைப் பார்த்துப் பேசுகிறது. வால்ட் விட்மன், இன்று இரவு உங்களைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன் என்று தொடங்குகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கதவை மூடிவிடுவார்கள், நாம் எங்கே போகிறோம், உங்கள் தாடி எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கேட்கிறது. அவர் அழைக்கும் ஆள் இறந்துவிட்டார். ஆனாலும் அந்த 'நீங்கள்' வேறு யாருக்கும் பொருந்தாது. இரண்டு வகை 'நீங்கள்' இருக்கின்றன என்பதை இந்தக் கவிதையைப் படித்த பிறகு விளம்பரப் பலகை பார்க்கும்போதெல்லாம் உணர முடியும்.

சரி, கருவிகள் இரண்டு பார்த்தாயிற்று. கடையின் வரிசையைக் கவிதை தன் பட்டியலாக மாற்றுகிறது. விளம்பரத்தின் பொது அழைப்பை ஒருவருக்கான விளியாக மாற்றுகிறது. இனி அந்த மூன்று கேள்விகளையும் வேறு கவிஞர்கள் எப்படித் தொட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

## "கொன்றது யார்?"

பொருளுக்குப் பின்னால் உள்ள கை ஏன் தெரிவதில்லை என்பதைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான தன் 'மூலதனம்' நூலில் விளக்கினார். சந்தைக்கு வந்ததும் பொருள் தானாகவே மதிப்புள்ளதுபோல நிற்கிறது. மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவு, பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவுபோலத் தோன்றுகிறது. இதைச் சரக்கு மாயை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் பொருளாதாரம் நமக்குத் தேவையில்லை.

விட்மன் கேட்ட கேள்விக்குத் தொழிற்சாலைக்கு உள்ளே இருந்து வந்த குரல் என்று நான் நினைப்பது சீனக் கவிஞர் ஷூ லிஜியுடையது. 1990இல் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தவர். ஷென்ஜென் நகரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் அசெம்பிளி வரிசையில் நின்றவர். உலகம் முழுக்கக் கையில் வைத்திருக்கும் போன்கள் உருவாகும் இடம் அது. அதே நிறுவனம் நம் ஸ்ரீபெரும்புதூர் அருகிலும் போன் தயாரிக்கிறது. 2014 செப்டம்பரில், 24 வயதில், அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார்.

அவருடைய ஒரு கவிதையில் பேசுபவர் இரும்பால் ஆன நிலவை விழுங்குகிறார். அதை அவர்கள் ஸ்க்ரூ என்று சொல்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவை விழுங்குகிறார், வேலையின்மை ஆவணங்களை விழுங்குகிறார். கடைசியில் இனி விழுங்க முடியாமல் எல்லாம் தொண்டையிலிருந்து கவிதையாகக் கொட்டுகிறது. நுகர்தல் என்ற செயலே இங்கே தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். பொருளை நாம் நுகர்வதற்கு முன்பே, அதைச் செய்தவர் அதை விழுங்க வேண்டியிருந்தது. 2014 ஜனவரியில் எழுதிய இன்னொரு சிறு கவிதையில், ஓவர்டைம் இரவு ஒன்றில் ஒரு ஸ்க்ரூ தரையில் விழுகிறது. லேசான சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பு இதேபோன்ற ஓர் இரவில் ஒரு மனிதர் விழுந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்று முடிகிறது.

கடைக்குள் நிற்பவரின் தனிமையை மட்டும் பேசும் எந்தக் கட்டுரையும் பாதிதான் பேசுகிறது. ஆலை வரிசையில் நிற்பவருக்குப் பக்கத்து ஆளின் பெயர் தெரியாது, வாங்குபவருக்கு இருவரையும் தெரியாது. ஒரே போனின் இரண்டு முனைகளிலும் அதே தனிமை இருக்கிறது.

## "என்ன விலை?"

கடையால் பதில் சொல்ல முடிந்த கேள்வி இது என்றேன். முழுக்க அப்படியும் இல்லை. அந்தக் கவிதை எழுதப்படுவதற்கு முந்தைய ஆண்டு, 1954இல், குவாத்தமாலாவில் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த அரசு அமெரிக்க உளவுத்துறையின் ஆதரவோடு கவிழ்க்கப்பட்டது. அந்தச் சீர்திருத்தத்தில் நிலத்தை இழந்தவர்களில் வாழைப்பழ வியாபாரத்தில் கொழித்த யுனைடெட் ஃபுரூட் கம்பெனியும் உண்டு. கின்ஸ்பெர்க் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. விலைச்சீட்டில் எழுதாத விலைகள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்களால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையைத் தொடும் கவிதை, டபிள்யூ.எச். ஆடன் எழுதிய 'அறியப்படாத குடிமகன்'. 1939இல் இங்கிலாந்திலிருந்து நியூயார்க்குக்கு வந்த கொஞ்ச காலத்தில் எழுதியது. முதல் உலகப் போருக்குப் பிறகு பல நாடுகளில் பெயர் தெரியாத போர்வீரருக்கு நினைவிடம் எழுப்பினார்கள். உடலை அடையாளம் காண முடியவில்லை என்பதால் 'அறியப்படாதவர்'. ஆடன் கவிதையில் அரசு ஒரு சாதாரணக் குடிமகனுக்குப் பளிங்குச் சின்னம் எழுப்புகிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு.

இவரைப் பற்றி எல்லாமே தெரியும். தொழிற்சாலையில் ஒழுங்காக வேலை செய்தார், சந்தா கட்டினார், தினமும் செய்தித்தாள் வாங்கினார், விளம்பரங்களைப் பார்த்து எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படியே நடந்துகொண்டார். கிராமஃபோன், ரேடியோ, கார், பிரிட்ஜ் என்று நவீன மனிதருக்குத் தேவையானது எல்லாம் அவரிடம் இருந்தது. பேசுவது அரசாங்கத்தின் குரல், அறிக்கை வாசிப்பதுபோல, எதுகையோடு உற்சாகமாக ஓடுகிறது. கடைசியில் அதே குரல் கேட்கிறது: அவர் சுதந்திரமாக இருந்தாரா? மகிழ்ச்சியாக இருந்தாரா? அபத்தமான கேள்வி, ஏதாவது தவறாக இருந்திருந்தால் நம் காதுக்கு வந்திருக்குமே.

இங்கே பயன்படும் உத்திக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: கூற்று. கவிஞர் தன் குரலில் பேசாமல் இன்னொருவர் பேசுவதாக எழுதுவது. தலைவி கூற்று, தோழி கூற்று என்று பள்ளியில் படித்திருப்போம். ஆடன் செய்தது அலுவலகக் கூற்று. அந்தக் குரலை மறுத்து அவர் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அதைக் கடைசி வரை பேச விட்டார். நாம் வாங்கியது, பார்த்தது, தேடியது எல்லாம் கணக்கில் ஏறும் இந்தக் காலத்தில் அந்தக் கவிதை எழுதிய நாளைவிட நெருக்கமாகிவிட்டது.

## "நீதான் என் தேவதையா?"

அமெரிக்கக் கவிஞர் ராண்டல் ஜாரெல் எழுதிய 'மறுநாள்' என்ற கவிதையும் சூப்பர் மார்க்கெட்டில்தான் தொடங்குகிறது. 1965இல் வந்த அவருடைய தொகுப்பில் அது முதல் கவிதை. இதுவும் கூற்றுதான். பேசுபவர் நடுவயது கடந்த, வசதியான ஒரு பெண்.

அவர் ஒரு டப்பாவிலிருந்து அடுத்ததற்கு நகர்கிறார். சியர், ஜாய், ஆல். மூன்றும் அன்று அமெரிக்கக் கடைகளில் விற்ற சோப்பு வகைகளின் பெயர்கள். ஆங்கிலத்தில் அவை உற்சாகம், ஆனந்தம், எல்லாம் என்றும் பொருள்படும். ஆனந்தத்திலிருந்து எல்லாவற்றுக்கும் நகர்ந்து அவர் எடுப்பது ஒரு சோப்பு டப்பா. ஜாரெல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அலமாரியில் இருந்ததை அப்படியே வரிசைப்படுத்தினார்.

பிறகு அந்தப் பெண் சொல்கிறார்: இளமையில், அழகாகவும் ஏழையாகவும் துயரமாகவும் இருந்தபோது எல்லாப் பெண்களையும்போலக் கணவன், வீடு, பிள்ளைகள் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எல்லாம் கிடைத்தது. இப்போது என் ஆசை வேறு. என் காரில் சாமான்களை ஏற்றி வைக்கும் அந்தப் பையன் என்னைப் பார்க்க வேண்டும். அவன் என்னைப் பார்க்கவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

இதை வயதான பெண்ணின் வீண் ஆசை என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அடுத்து அவரே சொல்வதைக் கேளுங்கள்: எத்தனையோ ஆண்டுகள் நான் தின்னத் தகுந்தவளாக இருந்தேன், உலகம் என்னைப் பார்த்தது, அதன் வாயில் நீர் ஊறியது. அலமாரியில் இருக்கும் பண்டத்தைப் பார்ப்பதுபோலத்தான் உலகம் அவரைப் பார்த்திருக்கிறது. அதுதான் பார்க்கப்படுவது என்று அவரும் நம்பியிருக்கிறார். காலாவதித் தேதி தாண்டியதும் அந்தப் பார்வை நின்றுவிட்டது. மனிதராகப் பார்க்கும் வேறொரு பார்வையை அவர் எங்கே போய்க் கேட்பது?

கவிதை மெதுவாக இன்னொரு செய்தியை வெளியிடுகிறது. நேற்று அவர் ஒரு தோழியின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார். 'மறுநாள்' என்ற தலைப்பு அதைத்தான் குறிக்கிறது. துக்கத்தைச் சொல்லக் குடும்பத்தில் யாரும் வீட்டில் இல்லை. கணவர் வேலைக்குப் போயிருக்கிறார், பிள்ளைகள் படிக்கப் போயிருக்கிறார்கள். இறுதிச் சடங்குக்கு மறுநாள் ஒரு மனிதர் கடைக்கு வருகிறார், சாமான் வாங்குகிறார், யாரிடமும் எதுவும் சொல்லாமல் காரில் ஏறுகிறார். அந்தத் தோழி முன்பு அவரிடம், நீ எவ்வளவு இளமையாக இருக்கிறாய், விதிவிலக்கானவள் என்று சொன்னதுண்டு. யாரும் விதிவிலக்கு இல்லை, யாரிடமும் எதுவும் இல்லை என்று அவருக்கு இப்போது தெரிகிறது.

நுகர்வைப் பற்றி ஜாரெல் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். அதில் வாதாடுகிறார், சாடுகிறார். இந்தக் கவிதையில் சாடல் கிடையாது. கட்டுரை நமக்கு ஒரு கருத்தைத் தருகிறது. கவிதை அந்தப் பெண்ணின் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது, அந்தப் பையன் பார்க்கத் தவறியதை நாம் பார்த்துவிடுகிறோம்.

சுருக்கமாக: தொழிலாளி, கணக்கில் ஏறிய குடிமகன், கண்ணில் படாத பெண் ஆகிய மூவரும் ஒரே ஏற்பாட்டின் மூன்று இடங்களில் நிற்கிறார்கள். மூன்று கவிதைகளும் அந்த ஏற்பாட்டின் சொற்களையே பயன்படுத்துகின்றன: ஸ்க்ரூ, அறிக்கை, சோப்புப் பெயர்.

## கவிதையும் விற்பனைக்குத்தானே?

நியாயமான கேள்வி. கின்ஸ்பெர்க்கின் அந்த நூல் பாக்கெட்டில் அடங்கும் பதிப்பாக 75 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. புத்தகம் ஒரு பண்டம்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. அதைவிடச் சங்கடமான செய்தி உண்டு. 2009இல் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் எடுத்த விளம்பரப் படங்களில் வால்ட் விட்மனின் கவிதை வரிகள் ஒலித்தன. அவற்றில் ஒன்றில் கேட்டது, விட்மனுடைய குரல் என்று கருதப்படும் பழைய மெழுகு உருளைப் பதிவு. கின்ஸ்பெர்க் எந்த மனிதரைக் கடைக்குள் தேடினாரோ, அவரையே கடை தனக்காகப் பேச வைத்துவிட்டது.

ஆகவே கவிதை சந்தைக்கு வெளியே பத்திரமாக நிற்கிறது என்று நான் வாதிட மாட்டேன். எந்த வரியையும் சந்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் எடுக்கும்போது எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கலாம். விளம்பரத்துக்கு விட்மனின் உற்சாகம் வேண்டும், அவருடைய அழைப்பு வேண்டும். இறைச்சிப் பெட்டிக்குள் துழாவும் தனிக்கிழவர் வேண்டாம். "கொன்றது யார்" என்ற கேள்வியோடு எந்தப் பொருளையும் விற்க முடியாது. ஷூ லிஜியின் இரும்பு நிலவைப் போன் விளம்பரத்தில் வைக்க முடியாது. விற்பனைக்கு எடுத்துக்கொள்ள முடியாத வரி எது என்று பார்ப்பது, இந்த வகைக் கவிதையைச் சோதிக்க நல்ல வழி.

## எங்கிருந்து தொடங்கலாம்

ஆடனில் தொடங்குங்கள். மொழி எளிது, எதுகை இழுத்துக்கொண்டு போகும், பேசுவது யார் என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும். அடுத்து ஜாரெல். அதை இரண்டு முறை படிக்க வேண்டும், ஏனென்றால் தோழியின் சாவு தெரிந்த பிறகுதான் முதல் வரிகளின் சோப்பு டப்பாக்கள் வேறு மாதிரி தெரியும். ஷூ லிஜியின் கவிதைகள் சிறியவை. ஒரே அமர்வில் நிறையப் படிக்காதீர்கள், மனம் தாங்காது. அவர் எழுதிய சூழலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

கின்ஸ்பெர்க்கைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். அவருடைய வரிகள் உரைநடைபோல நீளமானவை. ஒரு வரி ஒரு மூச்சு என்ற கணக்கில் வாய்விட்டுப் படியுங்கள். பழங்களின் பட்டியல் வரும் இடத்தில் மூச்சு வேகமாக ஓடும், விட்மனிடம் கேள்வி கேட்கும் இடங்களில் தானாகவே நிற்கும். எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால், மறுமுறை படிக்கும்போது அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.